கடைப் பிரியாணியும் கிறிஸ்துமஸ் விருந்தும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் பரிமாறப்பட்டவை இவை. முன்கூட்டியே சொல்லிவைத்துச் சமையல்காரர் ஒருவரிடம் வாங்கிய ஆட்டுக்கறிப் பிரியாணி. அவரே கட்டிக்கொடுத்த தயிர்ப் பச்சடியும் எண்ணெய்க் கத்தரிக்காயும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தோசைக்கல்லில் சூடுகாட்டிய பொட்டலப் பரோட்டா. பேக்கரியில் வாங்கிய பிளம் கேக். ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீம். காலை உணவு ரொட்டியும் ஜாமும் வாழைப்பழமும். உண்டவர் 14 பேர். உண்டது பாக்குமட்டைத் தட்டுகளில். அன்று நான் அடுப்பருகே நின்ற நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் நாற்பது நிமிடத்தைத் தாண்டாது.

இதனை ஒரு வாக்குமூலம் போலச் சொல்ல வேண்டியிருப்பதே இக்கட்டுரைக்குக் காரணம். என் நாத்தனார் தட்டைக் கையில் வாங்கியவாறே, "ஏம்மா, வருசத்துக்கு ஒரு நாளு. அன்னைக்குமா கடைச் சோறு?" என்றார். அவர் குரலில் சினம் இல்லை, வருத்தம் இருந்தது. கொழுந்தன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிரியாணி நன்றாக இருக்கிறது என்பதை மூன்று முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். என் கணவர் தலை நிமிராமல் உண்டார். மாமியார் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தம் தட்டைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ இல்லங்களின் வழக்கத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். இங்கே கிறிஸ்துமஸ் டிசம்பர் முதல் வாரத்திலேயே அடுக்களைக்குள் வந்துவிடும். அச்சுமுறுக்குக்கு அரிசி ஊறும். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுபடும். அதிரசப் பாகு பதம் பார்க்கப்படும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குப் பலகாரமும் பிரியாணியும் அனுப்பிய அண்டை வீடுகளுக்கு நாம் அனுப்பும் தட்டுகள் நிறைந்தாக வேண்டும். இருபத்துநான்காம் நாள் இரவில் இஞ்சி, பூண்டு உரித்து அரைத்துவைத்து, விடிவதற்கு முன் எழுந்து ஆலயத்துக்குப் போய்வந்து, காலைக்கு இட்டலியும் கறிக்குழம்பும், நண்பகலுக்குப் பிரியாணியோ சோறும் வறுவலுமோ ஆக்கி முடிக்க வேண்டும். எல்லோரும் உண்டபின் உண்டு, பாத்திரம் கழுவி நிமிரும்போது பிற்பகல் நான்கு மணி. அதன்பின் காப்பி. திருமணமாகி வந்த நாள் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதனை நான் செய்துவந்தேன். எனக்கு முன்னர் என் மாமியார் செய்தார். பருவத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணியும் இதே டிசம்பரில்தான் வரும் என்பதை, கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, அதற்கு முந்தைய ஆண்டின் கிறிஸ்துமசைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. நெல்லைச் சந்திப்புப் பகுதி வெள்ளத்தில் நின்றது. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. கறிக்கடைக்குப் போகும் மனநிலையிலும் யாரும் இல்லை. அவ்வாண்டு எங்கள் விருந்து, விலைக்கு வாங்கிய தண்ணீரில் வடித்த வெள்ளைச் சோறு, புட்டி ஊறுகாய், பொட்டல அப்பளம், கடையில் அகப்பட்ட ரொட்டி. இதே நாத்தனார் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுவே கர்த்தர் தந்தது, வேற என்ன வேணும்?" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். அன்றைய உணவைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. இன்றும் அந்த நாளைப் பேசும்போது எல்லோர் முகமும் கனிகிறது.

இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. உணவின் தரம் இங்கே சிக்கலே அன்று. ஊறுகாயும் அப்பளமும் வைத்த ஆண்டில் குறையில்லை. ஆட்டுக்கறிப் பிரியாணி வைத்த ஆண்டில் குறை இருந்தது. முதல் ஆண்டில் என்னால் இயலவில்லை. இரண்டாம் ஆண்டில் எனக்கு இயன்றது, ஆனால் நான் செய்யவில்லை. வேறுபாடு அவ்வளவுதான். குடும்பம் பெண்ணின் இயலாமையைப் பொறுத்துக்கொள்கிறது. அவளுடைய விருப்பத்தைப் பொறுத்துக்கொள்ளத் தயங்குகிறது. அதே கடைச் சோற்றை நான் காய்ச்சலில் படுத்திருந்து பரிமாறச் செய்திருந்தால், "பாவம், எப்படியோ சமாளித்தாள்" என்ற பாராட்டே கிடைத்திருக்கும்.

எளிய விருந்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று மரபு. மற்றொன்று அன்பு. இரண்டும் மதிக்கத்தக்கவை என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம்.

முதலில் மரபு. கிறிஸ்துமஸ் விருந்து என்றால் வீட்டில் ஆக்கியதாகவே இருக்க வேண்டும் என்கிறோம். அப்படியானால் கேக்கை என்ன செய்வது? இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் எனச் சொல்லப்படுவது, 1883இல் தலச்சேரியில் செய்யப்பட்டது. அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் உரிமையாளரான மர்டாக் பிரவுன், அவ்வூரில் பிஸ்கட் தொழில் நடத்திவந்த மம்பள்ளி பாபுவிடம் ஒரு கேக்கைக் கொடுத்து, இதைப்போல் ஒன்று செய்து தரும்படி கேட்டார் என்பது அந்த வரலாறு. கதை முழுவதும் அவ்வாறே நடந்ததா என்று வாதிடலாம். ஆனால் நம் நாட்டில் அந்தக் கேக்கின் தொடக்கக் கதையே கடையில் சொல்லிவைத்து வாங்கிய கதை என்பதில் ஐயமில்லை. இன்றும் எங்கள் தெருவில் கேக்கைக் கடையில் வாங்குவதை யாரும் குறையாகக் கருதுவதில்லை. கேக்குக்குக் கிடைத்த விடுதலை குழம்புக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

கிறிஸ்துமஸ் விருந்து என்றவுடன் உலகின் பாதிப்பேர் நினைவில் எழும் காட்சி சார்லஸ் டிக்கன்ஸ் வரைந்தது. 1843இல் வெளியான 'கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் அவருடைய குறுநாவலில், கிராச்சிட் என்னும் ஏழைக் குமாஸ்தாவின் குடும்பம் ஒரு வாத்தை உண்டு மகிழும். அந்த வாத்து எங்கே வெந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் வெந்தது. பிள்ளைகள் போய் அதனை வாங்கிவருகிறார்கள். அக்கால இலண்டன் ஏழைகளின் வீடுகளில் கணப்பு இருந்தது. பெரிய இறைச்சியை வேகவைக்கும் அடுப்பு இல்லை. ஆகவே பண்டிகை இறைச்சியை ரொட்டிக் கடையில் கொடுத்து வேகவைத்து வாங்குவது இயல்பான நடைமுறை. குடும்பப் பாசத்தின் உச்சமாக நாம் வகுப்பறைகளில் போற்றும் அந்த விருந்தின் தலையாய பண்டம், வெளியில் வெந்து கட்டிக்கொண்டு வரப்பட்டது! அதனால் அந்த விருந்தின் மகிழ்ச்சி ஓர் இம்மியும் குறையவில்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்றது ஜப்பான். அங்கே கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை அன்று. கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மையினர். கே.எஃப்.சி. நிறுவனம் 1974இல் நாடு தழுவிய விளம்பரம் ஒன்றைத் தொடங்கியதன் பின்னர், பொரித்த கோழியை வாங்கிவந்து குடும்பமாக உண்பது அங்கே கிறிஸ்துமஸ் வழக்கமாகவே ஆகிவிட்டது. பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவைக்கிறார்கள். அன்று மாலை வரிசையில் நிற்கிறார்கள். இது வணிகத்தின் வெற்றி என்பதை நான் மறுக்கவில்லை. நமக்கு அது வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோழியை உண்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகித் தம் பிள்ளைகளுக்கு அதையே வாங்கித் தருகிறார்கள். மரபு என்பது அடுப்பில் மட்டும் பிறப்பதன்று. ஒன்றாக அமர்ந்து ஆண்டுதோறும் செய்யும் எதுவும் மரபாகும் என்பதற்கு அது சான்று.

இனி அன்பு. "கையால் ஆக்கிப் போடுவதில்தான் அன்பு இருக்கிறது" என்பார்கள். தமிழ் படித்தவளிடம் இதைச் சொன்னால் உடனே குறுந்தொகையின் 167ஆம் பாடல் நினைவுக்கு வரும். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் ஏற்ற தலைவி, தயிரைத் தன் விரல்களால் பிசைகிறாள். அந்தக் கையைத் துடைத்த ஆடையை மாற்றவும் நேரமில்லை. தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. தானே துழாவி ஆக்கிய புளிப்புக் குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. மகளின் வீட்டைப் பார்த்துவந்த செவிலித்தாய் இதனை நற்றாயிடம் சொல்கிறாள். இவ்வளவு சிறிய பாடலில் இவ்வளவு பெரிய இல்வாழ்வைக் காட்டிய திறனை நான் ஆண்டுதோறும் வியந்து நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "மேடம், அந்தப் பொண்ணு எப்ப சாப்பிட்டா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போனேன். அதற்கு விடை சொல்லாமல் போனதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அந்தப் பாடலைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அது ஒருத்தி ஒருவனுக்காக விரும்பிச் சமைத்த கணம். அந்தக் கணத்தின் அழகு உண்மையானது. அதே கணத்தை 14 பேருக்கும், இருபது ஆண்டுகளுக்கும், கேட்காமலே கிடைக்க வேண்டிய கடமையாகவும் நீட்டித்துவிட்டு, அப்போதும் அவள் முகம் மலர்ந்துகொண்டேயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

முகம் என்றேன். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அதன் பத்துக் குறள்களிலும் ஒரு கறியின் பெயரோ காயின் பெயரோ இல்லை. ஆனால் முகம் என்னும் சொல் இரண்டு இடங்களில் வருகிறது. முகம் மலர்ந்து விருந்தினரைப் பேணுபவன் வீட்டில் திருமகள் தங்குவாள் என்பது ஓரிடம். முகந்தால் வாடும் அனிச்சம். முகம் வேறுபட்டு நோக்கினாலே வாடுவர் விருந்தினர் என்பது மற்றோரிடம். வள்ளுவர் விருந்தின் அளவுகோலாக வைத்தது பண்டத்தை அன்று; பரிமாறுபவரின் முகத்தை. அப்படியானால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பகல் ஒரு மணிக்கு வியர்வையோடும் எரிச்சலோடும் "போதுமா, இன்னும் வைக்கவா?" என்று கேட்கும் முகம் வள்ளுவரின் தேர்வில் தேறுமா? என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்பது அம்மா எளிதில் கோபப்படும் நாள் என்றே அவர்கள் சிறுவயதில் அறிந்திருந்தார்கள்.

வேதத்தை அறிந்தவர்களுக்கு மார்த்தாளையும் மரியாளையும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருவது. பணிவிடையில் வருந்திக்கொண்டிருந்த மார்த்தாள், தன் தங்கை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று முறையிடுகிறாள். இயேசு மரியாளின் பக்கம் நிற்கிறார். மரியாளைப் போல் இருங்கள் என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பி, மார்த்தாள் சமைத்துவைத்ததை உண்கிறோம்.

ஒரு நாள் உழைப்புக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். அந்த ஒரு நாள் தனியாக நிற்கவில்லை. 2024ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் அதற்குச் சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள். அவ்வாறு ஈடுபடும் ஆண் 88 நிமிடம். ஈடுபடாத ஆண்களே மிகப் பலர் என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்கும் இந்தக் கணக்கில், எல்லோருக்கும் ஓய்வுநாளாகிய பண்டிகை பெண்ணுக்கு மட்டும் இரட்டை வேலைநாளாகிறது. அயர்லாந்தில், குறிப்பாகக் கார்க், கெர்ரி பகுதிகளில், ஜனவரி 6ஆம் நாளைப் பெண்களின் கிறிஸ்துமஸ் என்று கொண்டாடும் பழைய வழக்கம் உண்டு. அன்று வீட்டு வேலையை ஆண்கள் ஏற்க, பெண்கள் கூடிக் களிப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் டிசம்பர் 25 பெண்களின் கிறிஸ்துமஸ் அன்று என்பதை அந்த ஊர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது என்றும் அதற்குப் பொருள்.

என் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கடைப் பிரியாணிக்குச் செலவு கூடுதல். எல்லாக் குடும்பங்களுக்கும் இது இயலாது. அந்தப் பிரியாணியை ஆக்கிய சமையல்காரரும் அவருடைய ஆட்களும் எனக்காக இரவெல்லாம் விழித்திருந்தார்கள். என் உழைப்பு மறைந்துவிடவில்லை. வேறொருவர் தோளுக்கு மாறியது. ஒரே வேறுபாடு, அவர்களுடைய உழைப்புக்கு விலை உண்டு, அதனை நான் கொடுத்தேன். பேரம் பேசாமல் கொடுத்தேன் என்பது என் சிறிய ஆறுதல்.

இழப்பும் உண்டு. என் மாமியாரின் முந்திரிக்கொத்துக்கு ஒரு பதம் உண்டு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. பலகாரம் செய்யும் நாள்களில் அத்தையும் நானும் நாத்தனாரும் கொழுந்தன் மனைவியும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பேசிய பேச்சு, இந்தக் குடும்பத்தை எனக்குக் குடும்பமாக்கியது. அண்டை வீட்டுத் தட்டில் கடைப் பொட்டலத்தைப் பிரித்து வைக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே 2024இலும் பலகாரம் செய்தோம். இரண்டு வகை மட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடி. கூடிச் செய்யும் வேலைக்கும் ஒருத்தி செய்து பலர் உண்ணும் வேலைக்கும் வேற்றுமை இருக்கிறது. முன்னதைக் காப்பாற்றுவதற்காகவே பின்னதைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அத்தனையையும் ஒரு தலையில் ஏற்றினால், அவள் களைத்துப்போய் ஒரு நாள் அத்தனையையும் சேர்த்தே விட்டுவிடுவாள்.

அன்றைய விருந்துக்கு வருகிறேன். உண்டு முடிந்ததும் தட்டுகளை மடித்துப் போட்டாயிற்று. கழுவ ஏதுமில்லை. பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தோம். 78 வயதான என் மாமியாரும் இருந்தார். அவர் கூடத்தில் அந்த நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதுமையால் சமையல் என் கைக்கு வந்தபிறகும், உதவுகிறேன் என்று அடுக்களை வாசலிலேயே நிற்பார். அன்று காலை ஆலயத்தில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மாமியார் அதன் கடைசிப் பகுதியை, ஐயர் சொன்ன கதையை, ஒன்றும் விடாமல் சொன்னார். என் மகள் வியந்து, "ஆச்சி, உங்களுக்கு எப்படி எல்லாம் ஞாபகம் இருக்கு?" என்றாள்.

"இந்த வருசம்தான் கடைசி வரைக்கும் இருந்தேன்லா. நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து ஒரு கிறிஸ்துமசுக்கும் ஆசீர்வாதம் கேட்டதில்ல. பாதியில எந்திச்சு வந்துருவேன். வந்து உலை வைக்கணும்லா" என்றார்.

யாரும் பேசவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கிறிஸ்துமஸ்கள். அவர் எழுந்து வந்ததை அவருடைய பிள்ளைகள் மூவரும் கண்டிருக்கிறார்கள். கண்டதாக ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. நானும்தான். நாத்தனார் மெல்ல நகர்ந்து தம் தாயின் அருகே போய் அமர்ந்தார். கடைச் சோறு பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

என் மாமியார் என் கட்சிக்கு மாறிவிட்டார் என்று சொல்லி முடிக்கலாம்தான். ஆனால் அது உண்மையாகாது. மாலையில் காப்பி குடிக்கும்போது, "பிரியாணி கொள்ளாம். இருந்தாலும் அடுத்த வருசம் கறிக்குழம்பாவது நாம வைப்போம்" என்றார்.

நான் தமிழாசிரியை. 'நாம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மை என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவள். எத்தனையோ பண்டிகைகளில் "நாம் செய்வோம்" என்ற தொடரைக் கேட்டிருக்கிறேன். இலக்கணப்படி அதில் எல்லோரும் அடங்குவர். அடுக்களையில் அது என் ஒருத்தியை மட்டுமே குறித்தது. ஆகவே கேட்டேன்: "நாமன்னா யாரு அத்தை?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்த தம் இரண்டு மகன்களையும் பார்த்தார். "ஏன், அவனுகளுக்குக் கையில்லையா?" என்றார்.

செய்தித்தாள்கள் இரண்டும் சற்றே தாழ்ந்தன.